தண்ணிப் பால் என்றார்கள்

மத்திக் குழம்புச் சட்டியை ஃப்ரிட்ஜின் மேல்தட்டிலிருந்து எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் மூடி போட்ட நான்கு சின்னக் கண்ணாடிப் பாட்டில்களை வரிசையாக அடுக்கினேன். என் மாமியார் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்று வைத்த மத்திக் குழம்பு நாளைக்குத்தான் ருசி என்பது எங்கள் மட்டாஞ்சேரிச் சந்தில் வேதவாக்கு. அந்தச் சட்டிக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை, வந்து இரண்டு வருஷமான மருமகளுக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. “அப்ப அது எங்க போகும்?” என்று கேட்டார். “எங்க வேணாலும் போகட்டும் அத்தை. இனிமே இந்தத் தட்டு என் பிள்ளைக்கு” என்றேன். பிரசவமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. இடுப்பு நிமிராத அந்த நிலையிலும் எனக்கு அவ்வளவு வாய் இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் பெருமையாகத்தான் இருக்கிறது.

மாமியார் இறந்து மூன்று வருஷமாகிறது. இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்கமாட்டார். “பால் காரியத்தை ஊருக்குச் சொல்லாதே, கண்ணு படும்” என்று வாயைப் பொத்தியிருப்பார். கண் படுகிறவரை பட்டாயிற்று, இனி என்ன. எழுதுகிறேன்.

அவருடைய தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்குத் துப்புரவு வேலைக்கு வந்து சேர்ந்த குடும்பம். அவரும் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டி ஓய்வு பெற்றவர்தான். ஆனால் அந்த வேலை கிடைப்பதற்கு முன்னால் பத்து வருஷம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பசு வைத்துக் கறந்து, விடியற்காலையில் தூக்குவாளியோடு வீடு வீடாகப் போய் ஊற்றியிருக்கிறார். துடைப்பம் பிடித்த முப்பது வருஷத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார். பால் கறந்த பத்து வருஷத்தைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார். கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாக்கெட் பால் போடுகிற பையன்கூட எங்கள் வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் பயந்துதான் வருவான். பால் என்று எதுவாக இருந்தாலும் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது. அங்கேதான் எனக்கும் அவருக்கும் முட்டியது.

என் மகள் மேலுதடும் அண்ணமும் பிளந்து பிறந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதுதான் எங்கள் தென்காசி வழக்கம். எனக்கு அம்மா இல்லை, அதனால் எர்ணாகுளத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். குழந்தையை மார்பில் போட்டபோது அது வாயைத் திறந்து திறந்து தேடியது. பற்றியது, வழுக்கியது, மறுபடி பற்றியது. அண்ணத்தில் துளை இருந்தால் உறிஞ்சுவதற்கான இழுவை வராது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. பிள்ளை பசியில் கத்துகிறது, மார்பு கல்லாகக் கட்டி வலிக்கிறது, நடுவில் அரை விரல் அளவுக்கு ஒரு பிளவு. கடவுளை அன்றைக்குத் திட்டிய மாதிரி நான் யாரையும் திட்டியதில்லை. டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார்: நாலரை கிலோ எடை வந்தால்தான் உதட்டை மூடுகிற அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க முடியும். பிறந்தபோது அவள் இரண்டரைதான். அந்த இரண்டு கிலோவை அவள் உடம்பில் ஏற்றுவது என் வேலை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். பிழிந்து எடுத்தாவது என் பாலைத்தான் கொடுப்பது என்றும் முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சந்தே திரண்டு வந்து பார்த்தது. எதிர்வீட்டு அக்கா குழந்தையின் முகத்துத் துணியை விலக்கி, நாக்கை ‘த்சொ’ என்று கொட்டி, “கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா? கத்தி, அரிவாள்மணை தொட்டியா?” என்று கேட்டார். நான் வெளியே வந்தேன், உண்மை. மொட்டைமாடிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, எடுக்கப் போனேன். அதைச் சொல்லி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமியார், “அன்னிக்கு இவ என்கூட உள்ளதான் கெடந்தா. கதவைச் சாத்தினது நானாக்கும். போய் உன் ஜோலியப் பாரு” என்று சொல்லிவிட்டார். அப்பட்டமான பொய். எனக்காகச் சொன்னாரா, தன் குடும்பத்துக்காகச் சொன்னாரா, தெரியாது. அன்று அந்த மனுஷியைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன்.

இடப்பள்ளியில் ஒரு பெரிய கடையில் ஏசி பழுது பார்க்கிற வேலையில் இருந்த என் கணவர் பாலெடுக்கும் மிஷின் ஒன்று வாங்கி வந்தார். கைக்கடக்கமான மோட்டார், இரண்டு குழாய், மார்பில் பொருத்த இரண்டு புனல். ஒரு நாளைக்கு எட்டு முறை, முறைக்கு இருபது நிமிஷம். எடுத்து, ஊற்றி, மூடி, நேரம் எழுதி, புனல்களைக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து முடிப்பதற்குள் அடுத்த முறை வந்துவிடும். தாய்மை, தாய்மை என்று எல்லாரும் உருகுகிறார்களே, எனக்கு அது பாத்திரம் கழுவுவதாகத்தான் இருந்தது. முதல் வாரம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் “மாட்டுக்குப் போடற மிஷினப் போட்டுல்ல கறக்கறா” என்று வாசலில் நின்று சிரித்தது காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து கூடத்திலேயே, ஜன்னலோரம், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். “ஆமாக்கா, கறக்குதேன். என் பாலு, என் மிஷினு. உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று ஜன்னல் வழியாகவே கேட்டேன்.

மாமியாருக்கு மிஷின் பிடிக்கவில்லை. “கன்னு முட்டாம கறந்தா மடி வத்திப்போகும்” என்பார். ஆனாலும் பிள்ளைக்குப் புகட்டுவதை அவர்தான் அருமையாகக் கற்றுக்கொண்டார். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சங்கின் மூக்கைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து, மூக்கில் ஏறாமல் சொட்டுச் சொட்டாக விடுவார். கடவாயில் வழிந்ததைக்கூடத் துணியால் துடைக்காமல் விரலால் வழித்து வாயில் விடுவார். பால் தரையில் விழுந்தால் ஆகாது, மிதிபட்டால் தாய்க்கு வற்றிவிடும் என்பது அவர் நம்பிக்கை. இரண்டு மாதத்தில் குழந்தை மூன்றரை கிலோ ஆனாள். நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளும் வந்தது.

சுக்கும் மிளகும் வாங்கி விற்கிற ஒரு கிடங்கில் பில் போடுகிற வேலை எனக்கு. இரண்டு மாதத்துக்கு மேல் இடத்தைக் காலியாக வைத்திருக்க முதலாளி தயாரில்லை. முதல் நாளே அவரிடம் போய், “காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, சாம்பிள் ரூமை உள்ள பூட்டிக்குவேன். பிள்ளைக்குப் பால் எடுக்கணும்” என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். அவர் மேஜையில் இருந்த மிளகை விரலால் தள்ளிக்கொண்டே “ஆயிக்கோட்டே” என்று சம்மதித்தார். சுக்குத் தூசியில் தும்மிக்கொண்டு, மாதிரிப் பொட்டலங்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பால் எடுத்தேன். மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரச் சேட்டன்மார்களுக்கு இரண்டு நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவுப் பக்கம் யாரும் மூட்டையை இறக்கவில்லை. எடுத்ததை ஐஸ் டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைப்பேன். மறுநாள் பகலில் மாமியார் அதைப் புகட்டுவார். பாட்டிலை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீரில் நிறுத்திச் சூடாக்க வேண்டும், மிச்சத்தைத் திரும்ப வைக்கக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். “நீ எனக்குப் பாலப் பத்திப் படிப்பிச்சுத் தர்றியா?” என்று முறைத்தாலும், சொன்னபடி செய்தார்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். முள் மூன்று கிலோ அறுநூறில் நின்றது. மூன்று வாரத்தில் வெறும் நூறு கிராம். டாக்டர் தராசை ஒருமுறை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்துப் பார்த்தார். அதே எடைதான். எவ்வளவு கொடுக்கிறீர்கள், எத்தனை முறை என்று கேட்டார். என் நோட்டைக் காட்டினேன். அளவு சரியாகத்தான் இருக்கிறது, ஏன் ஏறவில்லை என்று யோசித்தார். பிறகு, “ஆறு வாரம் பார்ப்போம். அப்போதும் இப்படியே இருந்தால் பொடிப்பாலுக்கு மாறிவிடலாம். ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போக முடியாது” என்றார். அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சந்துக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. தண்ணிப் பால். வேலைக்குப் போகிறவளுக்குப் பால் தண்ணியாகிவிடும், சுக்குச் சூடு பாலை முறித்துவிடும், மிஷின் சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எதிர்வீட்டு அக்கா ஒரு பொடிப்பால் டப்பாவை என் கண்ணெதிரே மாமியார் கையில் கொடுத்தார். மாமியார் அதை அலமாரியில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும், அழுகை வந்துவிட்டது. முருங்கைக்கீரை தின்றேன், பூண்டைப் பாலில் வேகவைத்துத் தின்றேன், வெந்தயக் கஞ்சி குடித்தேன், பால்சுறா தின்றேன். எட்டு முறை எடுத்ததைப் பத்து முறை ஆக்கினேன். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிஜமாகவே தண்ணியாக இருக்கிறதோ என்று நானே பார்க்க ஆரம்பித்தேன். ஊர் சொல்வது ஒரு பக்கம் கிடக்கட்டும். நானும் நம்பத் தொடங்கிவிட்டேன் என்பதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள், சுமட்டுக்காரர்களுக்கும் முதலாளிக்கும் ஏதோ தகராறு. லாரியிலிருந்து மூட்டை இறங்கவில்லை, பதினோரு மணிக்கே கிடங்கை மூடிவிட்டார்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன். மாமியார் பின்வாசல் படியில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் எவர்சில்வர் தம்ளர், அதில் என் பால். ஃப்ரிட்ஜில் இருந்ததால் மேலே மஞ்சள் பாரித்த வெள்ளையாக ஏடு திரண்டு நின்றது. அரிசியில் கல் பொறுக்குகிற கவனத்தோடு, சின்னக் கரண்டியால் அந்த ஏட்டைக் கொஞ்சம்கூட விடாமல் வழித்து வழித்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யுதீங்க அத்தை?”

“பாட எடுக்கறேன்” என்றார் நிமிராமலே. ஏட்டுக்கு அவர் அப்படித்தான் சொல்வார். “இதொக்கக் குஞ்ஞுக்குச் செரிக்குமா? மாந்தம் வந்துடாதா?”

“எத்தனை நாளா?”

“நீ வேலைக்குப் போன அன்னிலேர்ந்து. ஒரு நாள் முடக்கினதில்ல” என்றார். அதில் எவ்வளவு பெருமை! சொல்லிவிட்டு எழுந்து, பெயின்ட் வாளியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியின் தூரில், கால் படாத இடத்தில், அந்தச் சிரட்டையைப் பயபக்தியாகக் கவிழ்த்தார். செடி தளதளவென்று நின்றது. என் மகள் உடம்பில் ஏற வேண்டிய கொழுப்பைக் குடித்தால் ஏன் நிற்காது.

நான் கத்தியது சந்து முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அவரும் விடவில்லை. “பத்து வருஷம் பால் கறந்தவளாக்கும் ஞான். என் மூணு பிள்ளையையும் பாட நீக்கித்தான் வளத்தேன். உன் புருஷன் என்ன செத்தா போனான்?” என்றார். “அது மாட்டுப் பாலு! கன்னுக்குட்டிக்குச் சுரந்தது. இது உங்க பேத்திக்குச் சுரந்தது. இதுல எடுத்துக் களைய ஒண்ணும் கிடையாது. அந்த ஏட்டுலதான் எடையே இருக்கு அத்தை! அதத்தான தினம் எடுத்துச் செடிக்கு ஊத்தியிருக்கீங்க!” என்றேன். அவர் தம்ளரைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

“ஏடு எடுக்கக் கூடாதுன்னு நீ சொல்லியிருக்கணும்” என்று என் கணவர் மெல்ல ஆரம்பித்தார். கையைக் கழுவச் சொன்னேன், சூடாக்கச் சொன்னேன், எல்லாம் சொன்னேன். என் பாலில் ஏடு எடுப்பார்கள் என்று யாருக்கப்பா தோன்றும்? மறுநாளிலிருந்து மாமியார் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி, ஏடு கலங்கிக் கரைகிறவரை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுவார். புகட்டி முடித்ததும் சங்கின் ஓரத்தில் ஒட்டியதை ஒரு சொட்டுப் பாலால் அலசி அதையும் குழந்தைக்கு விடுவார். குழந்தை வாராவாரம் கனத்தாள். தொடையில் மடிப்பு விழுந்தது. ஆனால் ‘தப்பு என்னுடையது’ என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று “பொடி கொடுத்தியா? பிள்ளை தேறிட்டாளே” என்று கேட்டபோதும், “ம்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அந்த ‘ம்’முக்காக நான் அவரோடு நான்கு நாள் பேசவில்லை. என் பால் தண்ணிப் பால் என்று ஐந்து வாரம் அந்தச் சந்து சொல்லிக்கொண்டே இருந்தது. நான் கத்தியதை மருமகள் சாக்கு என்று தள்ளிவிட்டது; பாலைப் பற்றி அது நம்பக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மன்னித்தாயா என்று இப்போது என் மகளே கேட்கிறாள். அவளுக்குப் பத்து வயது. உதட்டின் மேல் ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது. அன்பில்தான் செய்தார் என்பது எனக்குத் தெரியும். அன்பில் செய்த தப்பும் தப்புதான். ஒரு மாதம் என் பிள்ளை பாதி வயிற்றோடு கிடந்தாள், நான் என் உடம்பையே சந்தேகப்பட்டேன். அதைச் சும்மா விட்டுவிட என்னால் முடியாது. செத்துப்போனவர் என்பதற்காகச் சர்க்கரை தடவியும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆறாவது வாரம் நடந்ததையும் நான் சொல்லியாக வேண்டும்.

அன்று ஆஸ்பத்திரிக்கு மாமியாரும் வந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதி வாங்க வேண்டும் என்று எதிர்வீட்டு அக்காவும் அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். வேலை முடிந்ததும் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார். கதவு திறந்தேதான் இருந்தது. குழந்தையைத் தராசில் படுக்க வைத்தேன். நாலு கிலோ ஐநூற்று நாற்பது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக, “பொடிப்பாலாக்கி, அல்லே? நன்னாயி” என்று, பொடிப்பாலுக்கு மாறிவிட்டோம் என்றே நினைத்துச் சீட்டில் எழுதத் தொடங்கினார். இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஜன்னல் வழியாக அந்தச் சந்து முழுவதையும் வாங்கு வாங்கு என்று வாங்கியவளுக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு சொல் வரவில்லை.

மாமியார்தான் மேஜையில் கையை ஊன்றினார். “பொடியோ? எந்து பொடி சாரே? டப்பா ஒடச்சிட்டுகூட இல்ல. இது இவளோட பாலாக்கும். இவ பாலுக்கு ஒரு கொறவும் இல்ல. பாட எடுத்துக் களைஞ்சது ஞானாக்கும். ஒரு மாசம், தெனம். கொறவு என்டெ கையிலாக்கும்” என்றார். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். “அதை வெட்டுங்க சாரே” என்று மாமியார் சீட்டின் மேல் விரலை வைத்தார். கார்ப்பரேஷன் துடைப்பம் பிடித்துக் காய்த்துப்போன விரல். டாக்டர் அடித்துவிட்டு மேலே வேறு எழுதினார்.

மாமியாருக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. சீட்டை எடுத்து என் கையில் கொடுத்து, “என்னவாக்கும் எழுதியிருக்கு? வாசி” என்றார்.

“தாய்ப்பால் மட்டும்” என்றேன்.

“அப்படிப் பம்மிப் பம்மி வாசிக்காதே. வெளிய இருக்கறவங்களுக்குக் கேக்கட்டும்.”

குரலை எடுத்து வாசித்தேன். பெஞ்சிலிருந்து எதிர்வீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னொரு முறையும் வாசித்தேன்.